விளையாட்டுகளில் சங்கிலிக் கவசம்: ஒரு வாள்வெட்டு உண்மையில் எவ்வளவு உள்ளே இறங்கும்?

கோட்டைவாசல் (கேள்வி)

வணக்கம். நானும் நண்பர்கள் இருவரும் ஓய்வு நேரத்தில் ஒரு சிறு கணினி விளையாட்டை உருவாக்கி வருகிறோம். கதை 12-ஆம் நூற்றாண்டு மேற்கு ஐரோப்பாவில் நடக்கிறது. முழுத் தகட்டுக் கவசம் இன்னும் வந்திராத காலம் அது. வசதியுள்ள வீரன் எவனாயினும் அவன் உடலில் இருப்பது இரும்பு வளையங்களைக் கோத்துச் செய்த சங்கிலிக் கவசம்தான். எனவே எங்கள் சண்டை முறை நன்றாக அமைவதும் அமையாமல் போவதும் இந்த ஒரு பொருளை நாங்கள் எப்படிக் கையாள்கிறோம் என்பதைப் பொறுத்தே இருக்கிறது.

நான் விளையாடிய பெரும்பாலான விளையாட்டுகளில் சங்கிலிக் கவசம் ஓர் எண்ணாக மட்டுமே இருக்கிறது. தோல் கவசத்தைவிடச் சற்று அதிகம், தகட்டுக் கவசத்தைவிடச் சற்றுக் குறைவு. அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை. எதிரியின் மார்பில் வாளால் நான்கைந்து முறை வெட்டினால் ஒவ்வொரு வெட்டுக்கும் அவனுடைய உயிர்ப்புள்ளி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, கடைசியில் அவன் விழுந்துவிடுகிறான். ஆனால், மார்பில் நான்கு முறை வெட்டினால் ஆள் விழுந்துவிடுவான் என்றால், அவ்வளவு பொருள் செலவழித்து, அவ்வளவு எடையைத் தோளில் சுமந்துகொண்டு, பல நூற்றாண்டுகள் மக்கள் அதை ஏன் அணிந்தார்கள் என்ற கேள்வி என்னை விடவில்லை. மறுபுறம், இணையத்தில் கிடைக்கும் சோதனைக் காணொளிகளில் சிலவற்றில் கத்தி எளிதாக ஊடுருவுகிறது. சிலவற்றில் கோடரிகூடத் தோற்றுப்போகிறது. எதை நம்புவது என்று புரியவில்லை.

சங்கிலிக் கவசம் எந்த வகைத் தாக்குதலை எந்த அளவுக்குத் தடுத்தது, அணிந்தவர்கள் நடைமுறையில் எப்படிக் காயம்பட்டார்கள் அல்லது இறந்தார்கள், இவற்றை விளையாடுபவரைச் சலிப்படையச் செய்யாமல் ஒரு விளையாட்டுக்குள் எப்படிக் கொண்டுவருவது என்பதைப் பற்றி அறிந்தவர்கள் விளக்கினால் பெரிதும் உதவியாக இருக்கும்.

வளையம்கோர்ப்பவன்

நான் பல ஆண்டுகளாகப் பழைய முறையில் ரிவெட் (வளையத்தின் முனைகளைப் பூட்டும் சிறு ஆணி) அடித்த சங்கிலிக் கவசம் செய்து வருகிறேன். அதனால் பொருளின் பக்கத்திலிருந்து தொடங்குகிறேன். வரலாற்றை அறிந்தவர்கள் மற்றதைச் சொல்லட்டும்.

காணொளிகள் ஏன் முரண்படுகின்றன என்பதற்கான பதில் பெரும்பாலும் வளையத்தின் வாயில், அதாவது கம்பியின் இரு முனைகளும் சந்திக்கும் இடத்தில், இருக்கிறது. இன்று விற்பனைக்குக் கிடைக்கும் மலிவான கவசங்களில் கம்பியை வட்டமாக வளைத்து, இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொடும்படி நிறுத்திவிடுகிறார்கள். பூட்டு எதுவும் இல்லை. ஒரு கூர்முனை உள்ளே நுழைந்து பக்கவாட்டில் தள்ளினாலே அந்த வாய் திறந்துகொள்ளும். இடைக்கால ஐரோப்பியப் போர்க்கவசங்கள் அப்படிச் செய்யப்படவில்லை. கம்பியை ஓர் இரும்புத் தண்டின் மேல் சுருளாகச் சுற்றி, முனைகள் ஒன்றின் மேல் ஒன்று சற்று ஏறும்படி வெட்டி, பழுக்கக் காய்ச்சி ஆறவிட்டு மென்மையாக்கி, மேலேறிய பகுதியைச் சுத்தியலால் தட்டையாக்கி, அதில் துளையிட்டு, அண்டை வளையங்களோடு கோத்த பிறகு துளையில் சிறு ரிவெட்டைச் செருகி நசுக்கிப் பூட்டுவார்கள். ஒவ்வொரு வளையமும் தன்னைச் சுற்றியுள்ள நான்கு வளையங்களுக்குள் செல்லும். பல கவசங்களில் ஒரு வரிசை ரிவெட் வளையமும் அடுத்த வரிசை வாயே இல்லாத முழு வளையமுமாக மாறி மாறி வரும்; அதனால் வேலை குறையும், பலவீனமான இடங்களும் பாதியாகும். முழங்கால்வரை இறங்கும் ஓர் அங்கிக்கு 20,000-க்கும் மேற்பட்ட வளையங்கள் தேவைப்படும் என்பதை நினைத்துப் பார்த்தால், இத்தனை உழைப்பையும் ஏன் அந்தச் சிறு ரிவெட்டுக்காகச் செலவிட்டார்கள் என்பது விளங்கும். பூட்டப்படாத வளையங்களால் ஆன கவசத்தின் மீது செய்யப்படும் எந்தச் சோதனையையும் நீங்கள் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை.

இனி வெட்டு. வாளின் விளிம்பு விழும்போது ஒரே ஒரு வளையத்தைத் தொடுவதில்லை. சாய்ந்து படிந்திருக்கும் பல வளையங்களின் மேல் ஒரே நேரத்தில் விழுகிறது. உள்ளே இறங்க வேண்டுமானால் அவற்றில் ஒவ்வொன்றின் கம்பியையும் அது அறுக்க வேண்டும். வளையங்களோ அசையக்கூடியவை, அடி விழும் திசையில் நழுவி, சரிந்து, விசையைப் பக்கத்து வளையங்களுக்குக் கடத்திவிடுகின்றன. கீழே இருப்பது மரப்பலகை அல்ல, விட்டுக்கொடுக்கும் உடல். இவையெல்லாம் சேர்வதால், ஒரு கையில் பிடிக்கும் வாளால் நல்ல ரிவெட் கவசத்தை வெட்டித் திறப்பது நடைமுறையில் நடக்காத காரியம் என்றே சொல்வேன். ஒன்றிரண்டு வளையங்கள் சிதைந்தாலும் தோலில் கீறல் விழும் அளவுக்கு இடம் கிடைக்காது. விளையாட்டுகள் மிக மோசமாகத் தவறுவது இந்த இடத்தில்தான்: வெட்டுக்கு எதிராகச் சங்கிலிக் கவசம் நடுத்தரமானது அல்ல, ஏறத்தாழ முழுமையானது.

குத்து வேறு கதை. நான் பயன்படுத்தும் வளையங்களின் உள்விட்டம் 7 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். ஊசிபோல் மெலிந்த முனை எந்த வளையத்தையும் உடைக்காமலே சிறிது தூரம் உள்ளே சென்றுவிடும். பிறகு முனை பருக்கப் பருக்க வளையம் இறுகிப் பிடிக்கும். அதற்கு மேல் போக வேண்டுமானால் அந்த வளையம் அறுந்தாக வேண்டும். அறுந்த வளையங்களை எடுத்துப் பார்த்திருக்கிறேன். கம்பியின் நடுப்பகுதி அறுவது அரிது, ரிவெட்டுக்காகத் துளையிட்டு மெலிந்த அந்த இடம்தான் கிழிந்திருக்கும். அகன்ற வாள்முனைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வளையங்களை உடைக்கும் விசை வேண்டும். ஒடுங்கிய நான்முகக் கூருக்கு ஒரே வளையம் உடைந்தால் போதும். பிற்காலத்தில் வாள்களின் முனை மேலும் மேலும் கூராகவும் உடல் விறைப்பாகவும் மாறியதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே உங்கள் விளையாட்டில் 'குத்து' என்ற ஒரே வகை போதாது. எவ்வளவு ஒடுங்கிய முனை, பின்னால் எவ்வளவு எடை என்ற இரண்டையும் பார்க்க வேண்டும். பாய்ந்துவரும் குதிரையின் எடையோடு சேர்ந்து வரும் ஈட்டியையும், நின்ற இடத்திலிருந்து கையால் செலுத்தும் வாள்முனையையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

அடியைப் பொறுத்தவரை இந்தக் கவசம் துணியைப் போல் வளையக்கூடியது என்பதே அதன் குறை. தகடு விசையைப் பரப்பிவிடும். வளையங்கள் அந்த வேலையை மிகக் குறைவாகவே செய்யும். தோள் எலும்பு, முன்கை, விரல்கள் ஆகியவை கவசம் கிழியாமலே உடையலாம். ஆனால் இதைச் சொல்லும்போது உள்ளே அணியும் பஞ்சு அங்கியை மறக்கக் கூடாது. பல அடுக்குத் துணியை வைத்துத் தைத்த, அல்லது பஞ்சும் கந்தலும் திணித்த அந்தத் தடித்த அங்கி மூன்று வேலைகளைச் செய்கிறது: அடியின் வேகத்தைத் தணிக்கிறது, வளையத்தைத் தாண்டிய முனையின் மீதிப் பயணத்தை நிறுத்துகிறது, வளையங்கள் தோலில் பதியாமல் காக்கிறது. வளையங்களும் திணிப்பும் ஒரே கவசத்தின் இரு பாதிகள். வெறும் சட்டையின் மேல் வளையங்களை மட்டும் போட்டுக்கொண்டு நிற்கும் வீரனை வரைவதும், பஞ்சு அங்கியை ஏழைகளின் 'முதல் நிலைக் கவசம்' என்று ஒதுக்கி, அடுத்த நிலை வந்ததும் கழற்றி எறியச் சொல்வதும் விளையாட்டுகளில் நான் மிகவும் வருந்திப் பார்க்கும் இரண்டு பழக்கங்கள்.

பழையபோர்

மேலே சொன்னவற்றைக் காலத்தின் சான்றுகள் பெரும்பாலும் உறுதிப்படுத்துகின்றன. உங்கள் கதை நடக்கும் 12-ஆம் நூற்றாண்டிலிருந்தே எடுத்துக்காட்டுகள் தரலாம்.

1119-இல் பிரெமூல் என்ற இடத்தில் இங்கிலாந்தின் முதலாம் ஹென்றியும் பிரான்சின் ஆறாம் லூயியும் மோதினார்கள். ஏறத்தாழ 900 குதிரைவீரர்கள் பங்கேற்ற அந்தப் போரில் மூவர் மட்டுமே இறந்ததாக ஆர்டெரிக் விட்டாலிஸ் என்ற துறவி எழுதியிருக்கிறார். அதற்கு அவர் தரும் காரணங்களையும் கவனியுங்கள்: அவர்கள் உடல் முழுவதும் இரும்பால் மூடப்பட்டிருந்தார்கள், மேலும் ஒருவரையொருவர் கொல்வதைவிடப் பிடிப்பதிலேயே கருத்தாக இருந்தார்கள். அதே போரில் வில்லியம் கிறிஸ்பின் என்பவர் மன்னர் ஹென்றியின் தலையில் வாளால் வெட்டினார். அந்த நிகழ்ச்சியை எழுதிய ஹண்டிங்டன் நகரத்து ஹென்றி என்ற வரலாற்றாசிரியர், வளையக் கவசம் ஊடுருவ முடியாததாக இருந்தபோதும், வெட்டின் வேகத்தால் வளையங்களே தலையில் சற்றுப் பதிந்து இரத்தம் வந்தது என்று குறிப்பிடுகிறார். வெட்டு தோற்றது, அடி ஓரளவு வென்றது. மன்னரோ தொடர்ந்து போரிட்டு வென்றார். உங்கள் கேள்விக்கு இதைவிடத் தெளிவான ஒரு வரிச் சான்றை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அம்புகளைப் பற்றிய சான்றுகள் இரு பக்கமும் இழுக்கின்றன. 1191-இல், மூன்றாம் சிலுவைப்போரின்போது, இங்கிலாந்து மன்னர் ரிச்சர்டின் படை கடலோரமாக ஆர்சூஃப் நோக்கி நடந்தபோது, எதிர்ப்பக்கத்துச் சுல்தான் சலாவுத்தீனோடு இருந்த வரலாற்றாசிரியர் பஹாவுத்தீன் அதை நேரில் பார்த்தார். தடித்த கம்பளித் திணிப்பும் அதன் மேல் வளையக் கவசமும் அணிந்த காலாட்படையினர், முதுகில் ஒன்று முதல் பத்து அம்புகள் வரை தைத்து நின்றபடியே வரிசை கலையாமல் நடந்து சென்றதாக அவர் வியந்து எழுதுகிறார். எதிரி எழுதிய புகழ்ச்சி என்பதால் அதற்கு மதிப்பு அதிகம். பைசாந்தியப் பேரரசின் இளவரசி அன்னா கொம்னேனே எழுதியதும் இதையே சொல்கிறது: மேற்கத்திய வீரர்களின் வளையக் கவசத்தின் மேல் அம்பை வீணாக்க வேண்டாம், குதிரைகளைக் குறிவையுங்கள் என்று அவருடைய தந்தை அலெக்சியோஸ் பேரரசர் தம் வில்லாளர்களுக்கு அறிவுறுத்தினார். குதிரையிலிருந்து இறங்கியவனைக் கையாள்வது எளிது என்பது அவர் கணக்கு.

மறுபக்கத்தில், 1188-இல் வேல்ஸ் வழியாகப் பயணம் செய்த ஜெரால்ட் என்ற மதகுரு, ஒரு வெல்ஷ் வில்லாளியின் அம்பு வளையக் கவசம் அணிந்த வீரனின் தொடையைத் துளைத்து, சேணத்தையும் துளைத்து, குதிரைக்குள்ளும் பாய்ந்ததாகக் கேட்ட செய்தியைப் பதிவு செய்கிறார். இவை உண்மையில் முரண்படவில்லை என்பது என் கருத்து. பஹாவுத்தீன் பார்த்தது பெரும்பாலும் தொலைவிலிருந்து, ஓடும் குதிரைகளின் மேலிருந்து எய்த அம்புகள். ஜெரால்ட் கேட்டது அருகிலிருந்து வலுவான வில்லால் எய்த அம்பு. கால் பகுதியில் உள்ளே இருந்த திணிப்பு, உடற்பகுதியில் இருந்ததைவிட மெலிந்ததாகவும் இருந்திருக்கும். மேலும், ஜெரால்ட் போன்றவர்கள் இத்தகைய செய்தியை எழுதி வைத்ததே அது வழக்கமில்லாதது என்பதால்தான்.

அப்படியானால் கவசமணிந்தவர்கள் எப்படி இறந்தார்கள்? மூடப்படாத இடங்களில்தான். 1199-இல் ஷாலு கோட்டையின் முன் ரிச்சர்டின் தோளில் குறுக்குவில் அம்பு பாய்ந்தபோது அவர் வளையக் கவசம் அணிந்திருக்கவில்லை. 1214-இல் பூவின் போரில் பிரெஞ்சு மன்னர் இரண்டாம் ஃபிலிப்பைக் காலாட்படையினர் கொக்கிகளால் குதிரையிலிருந்து இழுத்துக் கீழே தள்ளினார்கள். தரையில் கிடந்த அவரை உடனே கொல்ல முடியாமல் போனதற்குக் கவசமே காரணம், அதற்குள் அவருடைய ஆட்கள் வந்துவிட்டார்கள். அதே போரில் எத்தியேன் த லோன்ஷான் என்பவர் தலைக்கவசத்தின் கண் துளை வழியாகச் செருகப்பட்ட கத்தியால் இறந்தார். 1361-இல் கோட்லாந்து தீவின் விஸ்பி நகருக்கு வெளியே டேனியப் படையிடம் தோற்ற விவசாயிகளின் பெருங்குழிகள் பிற்காலத்தில் தோண்டப்பட்டன. ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் எலும்புகள் கிடைத்த அந்தக் குழிகளில், வளையத் தலைமூடி இன்னும் மண்டையோட்டைச் சுற்றியே இருந்த சில உடல்களும் உண்டு. அங்கு வெட்டுக் காயங்கள் கீழ்க்கால்களில் மிகுந்திருப்பது ஆய்வாளர்களின் கவனத்தை ஈர்த்த ஒன்று. கேடயமும் கவசமும் மேலே இருக்கும்போது வாள் கீழே செல்கிறது.

பஞ்சு அங்கியைப் பற்றி ஒரு சொல். 1181-இல் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஹென்றி பிறப்பித்த ஆயுதச் சட்டத்தில், வசதி குறைந்த நகரத்தாரும் சுதந்திரக் குடிகளும் பஞ்சு அங்கி, இரும்புத் தொப்பி, ஈட்டி ஆகியவற்றை வைத்திருக்க வேண்டும் என்றும், வசதி மிக்கவர்கள் வளையக் கவசம் வைத்திருக்க வேண்டும் என்றும் வரையறுக்கப்பட்டிருக்கிறது. அதில் தோல் கவசம் என்ற படிநிலை இல்லை. உங்கள் விளையாட்டிலும் 'தோல், சங்கிலி, தகடு' என்ற ஏணியைக் கைவிட்டு 'துணி, துணியின் மேல் சங்கிலி' என்று வைத்துக்கொண்டால் காலத்துக்கு நெருக்கமாக இருக்கும்.

கோட்டைவாசல்

இருவருக்கும் மிக்க நன்றி. பிரெமூல் செய்தியை என் நண்பர்களுக்கு உடனே படித்துக் காட்டினேன்.

ஆனால் இதுவே இப்போது எனக்குப் பெரிய சிக்கலாகிவிட்டது. விளையாடுபவர் வாளைத்தான் ஏந்துகிறார்; எதிரியின் உடற்பகுதியைத்தான் இயல்பாகக் குறிவைக்கிறார். அங்கே வெட்டினால் ஒன்றுமே ஆகாது என்று வைத்தால், விளையாட்டு பழுதாகிவிட்டது என்று நினைத்து மூடிவிடுவார். பத்து நிமிடம் இருவரும் இரும்பைத் தட்டிக்கொண்டிருப்பதையும் யாரும் விரும்பமாட்டார்கள். உண்மையையும் விளையாட்டின் விறுவிறுப்பையும் எப்படிச் சேர்ப்பது?

நிரலோட்டம்

சண்டை முறைகளை வடிவமைப்பதே என் வேலை என்பதால் இந்தக் கேள்வியை எடுத்துக்கொள்கிறேன்.

முதலில், இந்த ஒற்றை எண் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 1974-இல் வெளிவந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மேசை விளையாட்டில் தோலுக்கு 7, சங்கிலிக்கு 5, தகட்டுக்கு 3 என்று கவச எண்கள் இருந்தன. எண் குறையக் குறையப் பாதுகாப்பு அதிகம். அங்கே கவசம் காயத்தின் அளவைக் குறைக்கவில்லை, காயம் படும் வாய்ப்பையே குறைத்தது. பகடையை உருட்டித் தீர்ப்புச் சொல்லும் விளையாட்டுக்கு அது நியாயமான சுருக்கம்தான். 'கவசம் தடுத்துவிட்டது' என்ற பொருள் அதில் இருந்தது. கணினி விளையாட்டுகள் அந்த ஏணியை மட்டும் எடுத்துக்கொண்டு, வாய்ப்பைச் சதவீதக் கழிவாக மாற்றிவிட்டன. ஸ்கைரிம் என்ற கணினி விளையாட்டில் தலை, உடல், கை, கால் எல்லாவற்றின் கவச மதிப்பும் கூட்டப்பட்டு ஒரே எண்ணாகி, அதிகபட்சம் 80 சதவீதச் சேதத்தைக் குறைக்கிறது. அதாவது இரும்புக் காலணி அணிந்தால் தலைக்கும் பாதுகாப்பு கூடுகிறது. எவ்வளவு உயர்ந்த கவசத்திலும் ஒவ்வொரு வெட்டும் கொஞ்சமாவது கசிந்து உள்ளே வருகிறது. நீங்கள் சொன்ன 'நான்கு வெட்டில் சாவு' இந்தக் கசிவிலிருந்துதான் பிறக்கிறது.

மவுண்ட் அண்ட் பிளேட் வரிசை இதைவிட நன்றாகச் சிந்தித்தது. வெட்டு, குத்து, அடி என்று மூன்றாகப் பிரித்து, கவசத்தால் வெட்டு மிகவும் பாதிக்கப்படும்படியும் மற்ற இரண்டும் குறைவாகப் பாதிக்கப்படும்படியும் வைத்தது. அடியால் வீழ்ந்தவன் இறக்காமல் மயங்குவதும், அவனைப் பிடித்து மீட்புத்தொகை கேட்கலாம் என்பதும் பிரெமூல் போருக்கு மிக நெருக்கமான சிந்தனை. 2018-இல் வந்த கிங்டம் கம்: டெலிவரன்ஸ், திணிப்பு, வளையம், தகடு என்று அடுக்கடுக்காக அணியச் செய்து, வளையம்கோர்ப்பவன் வருந்திய அந்தக் குறையைப் பெருமளவு நீக்கியது. மோர்டாவ் போன்ற பல்லாள் விளையாட்டுகள் மூன்று கவச நிலைகளோடு நின்றுவிடுவதற்குக் காரணம் அறியாமை அல்ல. ஒரு நொடிக்குள் எதிரியைப் பார்த்து எத்தனை அடியில் விழுவான் என்று கணிக்க வேண்டிய வேகத்தில், அதற்கு மேல் நுணுக்கம் வைத்தால் யாருக்கும் புரியாது.

உங்களுக்கு என் பரிந்துரை, சதவீதத்தை விட்டுவிட்டு வாசல் மதிப்பை, அதாவது தாக்குதலின் விசை தாண்டினால் மட்டுமே காயம் ஏற்படும் ஓர் எல்லையை, கொண்டுவாருங்கள் என்பது. தாக்குதல் விழுந்த இடம் மூடப்பட்டதா என்று முதலில் பாருங்கள். மூடப்படவில்லை என்றால் கவசமே இல்லாததுபோல் முழுக் காயம். மூடப்பட்டிருந்தால், வெட்டுக்கு மிக உயர்ந்த வாசல், குத்துக்கு முனையின் ஒடுக்கத்தைப் பொறுத்து நடுத்தர வாசல். வாசலைத் தாண்டாத எதுவும் ஒரு துளி இரத்தத்தையும் எடுக்கக் கூடாது. ஆனால் அந்த விசை காணாமல் போய்விடக் கூடாது. அது அடியாக மாறி, திணிப்பில் ஒரு பங்கு கழிந்து, மீதி எதிரியின் நிலைகுலைவாகவும் களைப்பாகவும் வந்து சேர வேண்டும். அப்போது உடற்பகுதியில் விழும் வாள்வெட்டு வீணாகாது. அது எதிரியை ஓரடி பின்னே தள்ளும், கேடயத்தைத் தாழ்த்தச் செய்யும், மூச்சைக் குறைக்கும். விளையாடுபவர் தம் வெட்டுக்குப் பலன் கிடைத்ததைக் கண்ணால் பார்ப்பார். ஆனால் கொல்வதற்கு வேறொன்று செய்ய வேண்டும் என்பதையும் இரண்டு மூன்று சண்டைக்குள் கற்றுக்கொள்வார். முகம், கை, கீழ்க்கால், அக்குள். அல்லது நிலைகுலைந்தவனைக் கீழே வீழ்த்தி, கத்தியை முகத்தருகே கொண்டுபோய் 'சரணடைகிறாயா' என்று கேட்பது.

இதைப் புரியவைக்கும் வேலையில் ஒலிக்குப் பெரும் பங்கு உண்டு. வளையத்தில் விழுந்த வெட்டுக்கு ஓர் ஒலி, திணிப்பு வாங்கிக்கொண்ட அடிக்கு மந்தமான ஓர் ஒலி, வளையம் அறுந்து முனை உள்ளே போனதற்கு முற்றிலும் வேறான ஓர் ஒலி என்று மூன்றையும் தெளிவாகப் பிரித்து வைத்தால், திரையில் எண்களைக் காட்ட வேண்டிய தேவையே வராது. இரத்தத்தை உடலில் எங்கு அடித்தாலும் தெறிக்கவிடும் வழக்கத்தை மட்டும் தயவுசெய்து பின்பற்றாதீர்கள். கவசம் வேலை செய்யவில்லை என்று கண் சொல்லும்போது, காது சொல்வதை யாரும் நம்பமாட்டார்கள்.

நீண்டுபோகும் சண்டையைப் பற்றிய கவலைக்கு ஒரே பதில்: எல்லா எதிரியும் கவசமணிந்தவனாக இருக்கத் தேவையில்லை. பழையபோர் எடுத்துக்காட்டிய 1181-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியே பெரும்பாலோர் துணி அங்கியில்தான் இருப்பார்கள். அவர்களோடு நடக்கும் சண்டை விரைவாக முடியும். முழு வளையக் கவசத்தில் ஒருவன் வந்து நின்றால் விளையாடுபவர் ஒரு கணம் தயங்க வேண்டும். விளையாட்டின் பிற்பகுதியில் அதே கவசத்தைத் தாம் அணியும்போது, முன்பு தம்மைக் கொன்ற ஆட்களின் வெட்டுகள் தம்மேல் வழுக்கிச் செல்வதை உணர வேண்டும். அந்த வேறுபாட்டை ஒரு சதவீத எண்ணால் தர முடியாது.

பழையபோர் அவர்களிடம் ஒரு சிறு மாறுபாடு உண்டு. பிரெமூலில் மூவர் மட்டுமே இறந்ததை அப்படியே விளையாட்டுக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒருவரையொருவர் அறிந்த, மீட்புத்தொகையை எதிர்பார்த்த உயர்குடியினரின் போர் அது. மீட்புத்தொகை தரமுடியாதவர்களின் போரில், அல்லது ஒரு பக்கம் தோற்று ஓடும்போது, கவசம் அணிந்தவனும் ஐந்தாறு பேரிடம் தனியாகச் சிக்கினால் பிழைப்பது கடினம். அந்தச் சூழலையும் நிரலில் எழுதுங்கள்.

பழையபோர்

அந்த மாறுபாட்டை முழுமனதோடு ஏற்கிறேன். விஸ்பியில் நடந்தது அதுதான். அங்கு வளையத் தலைமூடி அணிந்தவர்களும் குழிக்குள் கிடந்தார்கள்.

கவசம் மூடும் பகுதிகளைப் பற்றி ஒன்று சேர்க்க வேண்டும். 12-ஆம் நூற்றாண்டு என்பது ஒரே தோற்றம் அல்ல. தொடக்கத்தில் முழங்கால்வரை நீண்ட அங்கி, முழங்கைக்குச் சற்றுக் கீழே முடியும் அகன்ற கை, மூக்கை மறைக்கும் பட்டையோடு கூர்ந்த தலைக்கவசம் ஆகியவை வழக்கம். கால்களில் வளையக் கவசம் பெரும்பாலும் வசதி மிக்கவர்களுக்கே. நூற்றாண்டின் இறுதிக்குள் கை மணிக்கட்டுவரை நீண்டு, விரல்களை மூடும் வளைய உறையும் அதனோடு சேர்ந்துவிட்டது. கால் கவசமும் பரவிவிட்டது. கதையின் ஆண்டு 1120 என்றால் முன்கையும் கீழ்க்காலும் திறந்த இலக்குகள். 1190 என்றால் அவை மூடிக்கொள்ளும். நிரலோட்டம் சொன்ன வாசல் முறைக்கு இந்த ஆண்டுக் கணக்கே நேரடியாகப் பயன்படும்.

வளையம்கோர்ப்பவன்

எடையைப் பற்றி யாரும் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். முழு நீள அங்கி பொதுவாக 10 முதல் 15 கிலோ வரை இருக்கும். தகட்டுக் கவசத்தின் எடை உடலின் பல பகுதிகளில் கட்டப்படுவதால் பகிர்ந்துகொள்ளப்படுகிறது. வளைய அங்கியோ முழுவதும் தோளிலிருந்து தொங்குகிறது. இடுப்பில் வாரை இறுக்கிக் கட்டி, அதன் மேல் அங்கியைச் சற்று உயர்த்தி மடித்துவிட்டால் ஒரு பகுதி எடை இடுப்புக்கு இறங்கும். அணிந்தவுடன் நான் முதலில் செய்வது அதைத்தான். ஓடவும் குனியவும் குதிரை ஏறவும் இது தடை அல்ல. அணிந்தவன் ஆமைபோல் நகர்வதாகக் காட்டும் விளையாட்டுகள் தவறு. ஆனால் கையை நெடுநேரம் உயர்த்தி வைத்திருப்பது கடினம், ஏனெனில் வளையக் கையின் எடையும் சேர்ந்து தோளை இழுக்கும். ஆகவே வேகத்தைக் குறைக்காதீர்கள். களைப்பிலிருந்து மீளும் நேரத்தைக் கூட்டுங்கள், அதிலும் தலைக்கு மேல் ஓங்கும் வீச்சுகளுக்குக் கூடுதலாக.

சேதமடைந்த கவசத்தைக் காட்ட நினைத்தால், மொத்த மதிப்பையும் குறைக்கும் வழக்கமான முறை பொருந்தாது. வளையம் அறுந்த இடத்தில் மட்டும் விரல் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை இருக்கும். மற்ற பகுதி முன்போலவே வலுவாக இருக்கும். அறுந்தவற்றை எடுத்துவிட்டுப் புதிய வளையங்களைக் கோத்து ரிவெட் அடித்தால் பழுது தீர்ந்தது. முகாமில் ஒரு சிறு சுத்தியலும் குறடும் கொஞ்சம் வளையங்களும் இருந்தால் ஒரு மாலைக்குள் முடியும் வேலை அது. கவசத்தின் அன்றாடப் பகை துருவே. மணலோடு சேர்த்துப் பீப்பாயில் உருட்டித் துருவை நீக்கினார்கள். நீங்கள் அதற்கு ஒரு பணியாளனை வைத்து, மழையில் பயணம் செய்த மறுநாள் அவனுக்கு வேலை கொடுத்தாலே போதும்.